மூன்று முறை என்னைக் கடலில் தள்ளிய லைஃப் ஜாக்கெட்

போன வாரம் ஜாக்கெட்டை சர்வீஸ் முடித்து வாங்கி வந்தேன். அன்றைக்கே ஊர்த் தம்பி ஒருவன் போன் செய்தான். வளைகுடாவில் சப்ளை கப்பலில் ஏபியாக, அதாவது டெக் மாலுமியாகச் சேரப் போகிறான். "அண்ணே, உள்ளே ஏஐஎஸ் பீக்கன் வைத்த ஜாக்கெட் வாங்கலாமா?" கடலில் விழுந்தவன் எங்கே இருக்கிறான் என்று சுற்றியுள்ள கப்பல்களின் திரையில் ரேடியோ வழியாகக் காட்டிக்கொடுக்கிற சின்னக் கருவி அது. வாயில் முதலில் வந்தது "வாங்காதே"தான். மூன்றரை வருஷமாக அதைப் போடாமல் நான் டெக்கில் இறங்கியதில்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

கம்பெனி கொடுக்கிற நுரை ஜாக்கெட் ஆளை மிதக்க வைக்கும், எங்கே மிதக்கிறான் என்று சொல்லாது. அலை கொஞ்சம் எழும்பினாலே தலை கண்ணில் படாது. 2014-இல் கிளிப்பர் பாய்மரப் பந்தயத்தில் ஆண்ட்ரூ டெய்லர் என்பவர் பசிபிக்கில் விழுந்தார். சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து உயிரோடு தூக்கினார்கள். அவரைக் கண்டுபிடிக்க உதவியது உடம்போடு இருந்த ஏஐஎஸ் பீக்கன். அதைப் படித்துவிட்டுத்தான் சொந்தக் காசில் வாங்கினேன். ஆள் விழுவதைக் கேமராவும் ரேடாரும் தானாகவே கண்டுபிடிக்கிற கருவிகளுக்கு 2020-இல் ஐஎஸ்ஓ தரமே வந்துவிட்டது. அதெல்லாம் சொகுசுக் கப்பல்காரர்களுக்கு. எங்கள் கப்பலில் யார் வைப்பார்கள்?

என் கோபமெல்லாம் ஒரு மாத்திரை மேல்தான். ஜாக்கெட்டுக்குள் ஒரு ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அந்த மாத்திரை. நனைந்தால் அது கரையும், ஸ்பிரிங் விடுபடும், ஊசி கேஸ் சிலிண்டரைக் குத்தும், பை ஊதும். ஊதுகிற பை ஒரு நாடாவை இழுக்க, பீக்கன் கத்த ஆரம்பிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் கடல் எது, ஈரக்காற்று எது என்று மாத்திரைக்குத் தெரியாது. ஆகஸ்ட் மாத வளைகுடாவில் பின்னிரவில் இரும்பே வியர்க்கும்.

அப்படி ஒரு ராத்திரி, மணி மூன்று. கப்பல் நங்கூரத்தில் நிற்கிறது. பின்டெக்கில் ஃபைபர் பெட்டிக்குள் தொங்கிய என் ஜாக்கெட் ஊதிவிட்டது. கப்பலை ஓட்டுகிற அறையான பிரிட்ஜில் அலாரம். திரையில் வட்டத்துக்குள் பெருக்கல் குறி, கடலில் விழுந்த ஆளின் பீக்கன் என்று காட்டும் 972-இல் தொடங்கும் எண். அந்தக் குறி சரியாக எங்கள் கப்பல் மேலேயே உட்கார்ந்திருந்தது. காவல் முறையில் இருந்த மேட் என்ற அதிகாரிக்கு, ஆள் கப்பலுக்கு அடியில் போய்விட்டான் என்றே தோன்றியிருக்கிறது. இன்ஜினைத் தொடாதே என்று ஒரே சத்தம். ஒவ்வொரு கேபினாகக் கதவைத் தட்டி எழுப்பினார்கள். நானும் தேடப் போகலாம் என்று ஜாக்கெட்டை எடுக்க ஓடினேன். பெட்டியைத் திறந்தால் அது பூசணிக்காய் மாதிரி ஊதி, விளக்கை மினுக்கிக்கொண்டு கிடந்தது. கடலில் விழுந்தவன் நான்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

கேப்டன் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்குள் பக்கத்தில் நங்கூரமிட்டிருந்த இரண்டு கப்பல்கள் விஎச்எஃப் ரேடியோவில் கூப்பிட்டு, படகு இறக்கவா என்று கேட்டுவிட்டன. திட்டு வாங்கிக்கொண்டு நிற்கும்போதே உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நிஜமாக விழுந்திருந்தாலும் இப்படித்தானே வந்திருப்பார்கள்?

அடுத்து இரண்டு முறை இதே கதை. ஒன்று டெக் கழுவும்போது, இன்னொன்று காரணமே தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் புது சிலிண்டர், புது மாத்திரை, பீக்கனுக்குப் புது பேட்டரி. எல்லாம் என் காசு. பீக்கன் எண் எது, ஆள் யார் என்று ஒரு பட்டியல் பிரிட்ஜில் ஒட்டப்பட்டது. அதில் என் பெயருக்குக் கீழே யாரோ கோடு போட்டு வைத்தார்கள்.

போன வருஷம் மாத்திரையைக் கைவிட்டு, தண்ணீரின் அழுத்தத்தில் திறக்கிற ஹைட்ரோஸ்டாடிக் வகைக்கு மாறினேன். சுமார் 10 சென்டிமீட்டர் ஆழம் போனால்தான் அது வேலை செய்யும். அதற்குப் பிறகு ஒருமுறைகூட ஊதவில்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. பழசு அடிக்கடி தொந்தரவு செய்தாலும் வேலை செய்கிறது என்று தெரிந்தது. இது சும்மாவே இருக்கிறது. ராத்திரி கயிறு கட்டப் போகும்போது கையால் இழுத்து ஊத வைக்கிற இழுகயிற்றை விரல்கள் தானாகத் தடவிப் பார்க்கின்றன.

தம்பியை மறுபடி கூப்பிட்டேன். மாத்திரை வைத்தது வேண்டாம் என்றேன். கப்பல் மாறும்போதெல்லாம் பீக்கனில் புதுக் கப்பலின் ரேடியோ அடையாள எண்ணான எம்எம்எஸ்ஐயைப் போடச் சொன்னேன். நான் மறந்து, நாலு மாதம் அது பழைய கப்பலைக் கூப்பிடத் தயாராக இருந்தது. பிரிட்ஜில் இருக்கிற கருவி 972-க்கு அலாரம் அடிக்குமா என்றும் கேட்டு வைக்கச் சொன்னேன். பழைய கருவிகளில் சத்தமே வராது, இன்னொரு கப்பல் மாதிரி ஒரு குறி மட்டும் வரும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு தொல்லை என்றால் உங்களுடையதைப் பாதி விலைக்குத் தருவீர்களா அண்ணே?" என்றான்.

தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.