டி-ஷர்ட் வேண்டாம், டிக்கெட் வாங்குங்கள்

நியூ ஜெர்சியிலிருந்து பிட்ஸ்பர்குக்கு வேலை மாற்றலாகி வரும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "பைரேட்ஸ் சீசன் டிக்கெட் எடுக்கலாமா? விலை ரொம்பக் கம்மியா இருக்கே!" போனிலேயே இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. பைரேட்ஸ் எங்கள் ஊர் பேஸ்பால் அணி. பல வருடமாக அவர்களுடைய ஸ்டேடியத்துக்குப் போய்வருகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது. பேஸ்பால் விதிகளை இங்கே விளக்கப்போவதில்லை. தெரியாதவர்களும் படிக்கலாம், பாதிக்கு மேல் டி-ஷர்ட் புராணம்தான்.

முதலில் இடம். பி.என்.சி. பார்க், அலெகெனி ஆற்றங்கரையில் 2001-இல் திறந்தது. மொத்தம் இரண்டே அடுக்கு. ஆக மேலே இருக்கும் இருக்கையும் மைதானத்திலிருந்து 88 அடிதான். அதனால் மாடி டிக்கெட் வாங்கினாலும் எறும்புகள் ஓடுவதைப் பார்க்கிற நிலைமை வராது. சொல்லப்போனால் மாடிதான் நல்லது. கீழே உட்கார்ந்தால் ஆட்டம் மட்டும் தெரியும். மேலே உட்கார்ந்தால் வலது மூலைச் சுவருக்குப் பின்னால் ஆறு, ஆற்றின் மேல் மஞ்சள் பாலங்கள், அதற்கும் பின்னால் டவுன்டவுன் கட்டடங்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இடது பக்கம் எடுங்கள். பைரேட்ஸ் வீரர்கள் உட்காரும் டக்அவுட்டும் அதே பக்கம். பெரும்பாலான ஊர்களில் சொந்த அணி முதல் பேஸ் பக்கம்தான் உட்காரும். இங்கே நகரம் தெரிகிற பக்கத்தை நம் ஆட்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தோற்றாலும் பார்க்க ஏதாவது வேண்டுமில்லையா?

ஸ்டேடியத்துக்குள் போவதைவிட அங்கே நடந்து போவது எனக்கு அதிகம் பிடிக்கும். ஆட்ட நாளில் ராபர்ட்டோ கிளெமெண்டே பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், முழுப் பாலமும் நடப்பவர்களுக்குத்தான். தள்ளுவண்டியில் வேர்க்கடலை, தாத்தாவின் தோளில் பேரன், டிரம் அடிக்கிறவர் என்று ஒரு தேர்வீதிக் கூட்டம். 2022 பிப்ரவரியிலிருந்து 2023 டிசம்பர் வரை பாலத்தைப் பழுதுபார்க்க மூடி வைத்திருந்தார்கள். பக்கத்துப் பாலம் வழியாகப் போனோம். நேரம் என்னவோ கூடக்குறைய அதேதான் ஆனது, ஆனால் ஏதோ கல்யாண வீட்டுக்குக் கொல்லைப்புறமாக நுழைந்த மாதிரி இருந்தது.

கிளெமெண்டே யாரென்று என் மகள் சின்ன வயதில் கேட்டாள். புவேர்ட்டோ ரிகோவிலிருந்து வந்து 18 சீசன் இந்த ஒரே அணிக்கு ஆடியவர். சரியாக 3,000 ஹிட். 1972 டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தில் சிக்கிய நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு போன விமானம் கடலில் விழுந்து இறந்தார். அவருடைய எண் 21. வலது பக்கச் சுவரின் உயரம் 21 அடி. "கடைசி வரைக்கும் ஒரே டீமா?" என்றுதான் அவள் திருப்பிக் கேட்டாள். அந்த 'கடைசி வரைக்கும்' சமாச்சாரத்துக்குப் பிறகு வருகிறேன்.

சாப்பாட்டில் ஒரு சௌகரியம் உண்டு. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோக விடுகிறார்கள், பை மட்டும் கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரிய வேண்டும். ஞாயிறு மதிய ஆட்டம் என்றால் காலையில் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போய்விட்டு, அங்கே கேண்டீனில் புளியோதரையும் தயிர்சாதமும் வாங்கி அப்படியே வந்துவிடுவோம். வாசலில் சோதனை செய்கிற அம்மாள் ஒருமுறை டப்பாவை உற்றுப் பார்த்து "காரமா?" என்று கேட்டார். "புளிப்பு" என்றேன். தலையாட்டி உள்ளே விட்டார். மூன்றாவது இன்னிங்ஸில் டப்பாவைத் திறந்தால் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். நல்லெண்ணெய் வாசனை அப்படி.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் பியரோகி ஓட்டப்பந்தயம். பியரோகி என்றால் போலந்துக்காரர்களின் கொழுக்கட்டை. அந்த வேஷம் போட்டுக்கொண்டு சிலர் மைதான ஓரமாக ஓடுவார்கள். குழந்தைகளுக்கு அதுதான் ஆட்டம். எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்பதை நண்பரிடம் சொல்லவில்லை.

முன்பு வார நாள் ஆட்டத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போவது பெரிய பாடு. மூன்று மணி நேரம் இழுக்கும். 2023-இல் பந்து வீசுகிற பிட்சருக்கு நேரக் கெடு வைத்த பிறகு சராசரியாக 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. 6:40-க்கு ஆரம்பித்தால் ஒன்பதரைக்குள் கிளம்பலாம். பழைய ரசிகர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்கள் வீட்டில் மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்கூல் பஸ் வராது போலிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் நல்லது. சரி, டி-ஷர்ட்டுக்கு வருவோம்.

நான் முதலில் வாங்கியது 22, ஆண்ட்ரூ மெக்கட்சன். 2013-இல் அவர்தான் லீகின் எம்விபி, அதாவது அந்த வருடத்தின் சிறந்த வீரர். 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன், ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம் என்றிருந்த அணி அந்த வருடம்தான் தலைதூக்கியது. அக்டோபர் 1 வைல்ட் கார்டு ஆட்டத்துக்கு, தோற்றால் வெளியே என்கிற பிளேஆஃப் ஆட்டம் அது, நான் உள்ளே இருந்தேன். ஸ்டேடியமே கறுப்பு உடை. எதிரணிப் பிட்சர் ஜானி குவேட்டோவின் பெயரை 40,000 பேர் ராகம் போட்டு இழுத்துக் கூப்பிட்டோம். மனிதர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை நம் அணியின் ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடித்தார், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி. தொண்டை கட்டிக்கொண்டு மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் சைகையில் பேசினேன். அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் இன்றுவரை காசு கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். மறுக்க முடியவில்லை.

அடுத்து 45, பிட்சர் கெரிட் கோல். 2018 ஜனவரியில் இரண்டே நாள் இடைவெளியில் கோலை ஹூஸ்டனுக்கும் மெக்கட்சனை சான் பிரான்சிஸ்கோவுக்கும் கொடுத்துவிட்டார்கள். இரண்டு டி-ஷர்ட்டும் ஒரே வாரத்தில் செல்லாக்காசு. கோல் பிறகு நியூயார்க் யாங்கீஸுக்குப் போய் 2023-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். நான் அந்த 45-ஐப் போட்டுக்கொண்டு கார் கழுவினேன்.

பிறகு உஷாரானேன். நீண்ட ஒப்பந்தம் போட்டவருடைய சட்டையை மட்டும்தான் வாங்குவது என்று முடிவு. 2022 ஏப்ரலில் கிபிரையன் ஹேய்ஸ் 8 வருடத்துக்கு 7 கோடி டாலர் கையெழுத்துப் போட்டார். அணி வரலாற்றிலேயே அதுவரை அதுதான் பெரிய தொகை. எட்டு வருடம்! மகளுக்கு ஒரு சைஸ் பெரிதாகவே 13-ஆம் எண் வாங்கிக் கொடுத்தேன், வளர்ந்தாலும் போடட்டுமே என்று. 2025 ஜூலைக் கடைசியில் அவரை சின்சினாட்டிக்குக் கொடுத்தார்கள். சட்டை இப்போதுதான் அவளுக்குச் சரியான அளவில் இருக்கிறது.

சின்ன ஊர், சின்ன வருமானம், பெரிய சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாது என்பார்கள். இந்த விளையாட்டில் சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை என்பதால் லாஸ் ஏஞ்சலஸ் மாதிரிப் பணக்கார அணியோடு போட்டிபோட முடியாது என்பதும் நிஜம். நியாயமாகப் பேச வேண்டும் என்றால் ஹேய்ஸ் பேட்டிங்கும் சரியில்லைதான். ஆனால் நியாயமாகப் பேசுகிற மனநிலை எனக்கு ஏப்ரலில்தான் இருக்கும். இப்போது டிசம்பர். 1979-க்குப் பிறகு இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரீஸ் பக்கமே போகவில்லை, 2015-க்குப் பிறகு பிளேஆஃப் இல்லை. அணியை விற்றுவிட்டுப் போங்கள் என்று முதலாளியைப் பார்த்துக் கூட்டம் கத்தும்போது நானும் சேர்ந்து கத்தியிருக்கிறேன், வாயில் புளியோதரையோடு.

இப்போது பால் ஸ்கீன்ஸ் இருக்கிறார். எண் 30. நூறு மைல் வேகத்தைச் சர்வசாதாரணமாகத் தொடுகிறவர். அவர் பந்து வீசுகிற நாளில் பேட்டரை அவுட்டாக்கும் மூன்றாவது ஸ்டிரைக்குக்கு முன்னால் மொத்த ஸ்டேடியமும் எழுந்து நிற்கும், டிரிங்க்ஸ் வாங்கப் போனவரும் படியிலேயே நின்றுவிடுவார். 2025-இல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.97 ரன்தான் விட்டுக்கொடுத்தார். ஒருமனதாக சை யங் விருது கொடுத்தார்கள். அந்த சீசனில் அவர் கணக்கில் வெற்றி 10, தோல்வியும் 10. ஒரு பிட்சர் இதற்கு மேல் என்ன செய்ய முடியும், தானே போய் ஹோம் ரன்னும் அடிக்க வேண்டுமா? அணி அந்த வருடம் 71 வெற்றி, 91 தோல்வி.

30-ஆம் எண் டி-ஷர்ட் வேண்டுமென்று மகள் கேட்கிறாள். "நீங்க வாங்கினா அவரும் போயிடுவாருங்க, ஊர் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்க" என்கிறாள் மனைவி. அவளுடைய ஒரே சட்டை 10, பிரையன் ரெனால்ட்ஸ். அவள் வாங்கியது, அவர் இன்னும் இருக்கிறார். மெக்கட்சன்கூட 2023-இல் திரும்பி வந்து, முதல் முறை பேட்டோடு இறங்கியபோது ஊரே எழுந்து நின்று கைதட்டியது. நான் பீரோவிலிருந்து அந்தப் பழைய 22-ஐத் தேடியெடுத்தேன். வயிற்றுப் பக்கம் ஏறவில்லை.

ஆகவே நண்பரே, சீசன் டிக்கெட் எடுக்காதீர்கள். ஒற்றை டிக்கெட் போதும். ஜூனில் ஏதாவது செவ்வாய்க்கிழமை, மாடியில் மூன்றாம் பேஸ் பக்கம். ஏப்ரலில் போகவே வேண்டாம், ஆற்றுக்காற்று எலும்பைத் துளைக்கும். காரை டவுன்டவுனிலேயே விட்டுவிட்டுப் பாலத்தில் நடந்து வாருங்கள். நடக்க முடியாவிட்டால் ஸ்டேடியம் இருக்கும் நார்த் ஷோர் வரை 'டி' என்கிற உள்ளூர் ரயிலில் டவுன்டவுனிலிருந்து இலவசமாகவே வரலாம். ஸ்கீன்ஸ் வீசுகிற நாள் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். எங்கள் சீசன் டிக்கெட்டை போன மாதமே புதுப்பித்துவிட்டேன், இரண்டு இருக்கை எப்படியும் காலியாகத்தான் இருக்கும்.