கடன் மாற்றா, விளைவுக்குப் பணமா? பெலீஸும் கயானாவும்

வெளிநாட்டுப் பணத்தால் இயற்கையைக் காக்க மத்திய அமெரிக்காவின் பெலீஸும் தென் அமெரிக்காவின் கயானாவும் வேறுவேறு வழியில் போயின. ஒன்று பழைய கடனை மலிவான கடனாக மாற்றியது; மற்றது காட்டைக் காத்த அளவுக்குப் பணம் பெற்றது.

பெலீஸ் 2021-இல் தன் 55.3 கோடி டாலர் கடன் பத்திரங்களை டாலருக்கு 55 சென்ட் விலையில் திரும்ப வாங்கியது. அதற்காக எடுத்த புதுக் கடன் 36.4 கோடி. அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று காப்பீடு கொடுத்ததால்தான் வட்டி தாங்கும்படி அமைந்தது. பதிலுக்கு 2026-க்குள் தன் கடலில் 30 சதவீதத்தைக் காக்க ஒப்புக்கொண்டது. அந்தப் பாதுகாப்புக் கெடுக்களைத் தவறவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டும். பத்திரம் முழு விலைக்கு அருகில் விற்கும் நாட்டுக்கு இதில் லாபம் குறைவு.

கயானாவுக்கு நார்வே 2009-இல் 25 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. காட்டைக் காத்து வெளியேறாமல் தடுத்த ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் 5 டாலர். சிக்கல், எந்தக் காடழிப்பு வேகத்தோடு ஒப்பிட்டுப் பணம் கணக்கிடுவது என்பதில்தான். கயானாவில் காடழிப்பு ஏற்கெனவே மிகக் குறைவு. அதன் சொந்த வேகத்தையே அளவாக வைத்தால் பணம் வராது. அதனால் அதன் ஆண்டுக் காடழிப்பு வேகமான 0.03 சதவீதத்தையும் வளரும் நாடுகளின் 0.52 சதவீதத்தையும் சராசரியாக்கி ஒப்பீட்டு அளவை 0.275 சதவீதம் என வைத்தார்கள். நியாயம்தான், ஆனால் தங்கச் சுரங்கத்தால் அழிவு கூடினாலும் பணம் வந்துவிடும். எனவே காடழிப்புக்கு ஓர் உச்சவரம்பும் சேர்க்கப்பட்டது. உலக வங்கி வழியாக வந்த பணம் திட்டங்களைச் சேரத் தாமதமானது.

கடன் நெருக்கடியில் இருக்கும் நாட்டுக்கு முதல் வழி. காடு இன்னும் நிற்கும் நாட்டுக்கு இரண்டாவது. ஆனால் ஆண்டுதோறும் செயற்கைக்கோள் படங்களால் காட்டை அளக்கும் திறனை முதலில் உள்ளூரில் வளர்க்க வேண்டும்.