ஐந்து ஆண்டுகளுக்குப் பின் என் கைவினை அறை: நிலைத்தவையும் மாற்றியவையும்

பத்தடிக்கு ஒன்பதடி அளவுள்ள ஓர் அறையைக் கைவேலைகளுக்கென்றே ஒதுக்கி ஐந்து ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகின்றன. எம்பிராய்டரி, குவில்லிங் (தாள் கீற்றுகளைச் சுருட்டிப் பூ, இலை போன்றவை செய்வது), வாழ்த்து அட்டை தயாரிப்பு, பாசிமணி வேலை ஆகிய நான்கும் இங்கேதான் நடக்கின்றன. தையல் இயந்திரமும் ஓர் ஓரத்தில் இருக்கிறது. அறையை அமைத்து முடித்த முதல் மாதத்திலேயே என் அனுபவத்தை எழுதியிருந்தால், அது முழுக்கப் பாராட்டாகவே இருந்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு அறை அழகாக இருந்தது. வேலை மட்டும் பழையபடி கூடத்து மேசையிலேயே நடந்துகொண்டிருந்தது. இதற்கான காரணம் பிடிபட எனக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின: பொருள்களை வைக்க அங்குலம் அங்குலமாக இடம் செய்திருந்தேனே தவிர, பாதியில் நிற்கும் வேலையை வைக்க எங்குமே இடம் செய்திருக்கவில்லை.

எம்பிராய்டரி வேலை எதுவும் ஒரே அமர்வில் முடிவதில்லை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இழுக்கும். மாலையில் எழும்போது வளையத்தில் பூட்டிய துணி, அரை இழை மீதமிருக்கும் ஊசி, அன்றைக்கு எடுத்த நான்கைந்து நூற்கண்டுகள், மாதிரித்தாள் என எல்லாம் மேசைமேல் கிடக்கும். அவற்றை அதனதன் இடத்தில் வைத்தால் அறை ஒழுங்காகிவிடும். ஆனால் மறுநாள் அவற்றைத் திரும்ப எடுத்துப் பரப்புவதற்கே கால் மணி நேரம் போய்விடும். எடுத்து வைக்காமல் விட்டால், அடுத்த வேலைக்கு மேசை கிடைக்காது. நான் எப்போதும் இரண்டாவதையே செய்து, பிறகு மேசை நிரம்பிவிட்டது என்று கூடத்துக்குப் போய்விடுவேன்.

இப்போது மேசைக்கு அடியில் ஆறு தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 18 அங்குல நீளமும் 13 அங்குல அகலமும் 2 அங்குல ஆழமும் கொண்டது. 12 அங்குலச் சதுர அட்டைத்தாளும் 10 அங்குல எம்பிராய்டரி வளையமும் மடங்காமல் உள்ளே படுக்கும். இருபுறமும் ரீப்பர் கட்டைகளை மூன்று அங்குல இடைவெளியில் அடித்து, தட்டுகள் அவற்றின்மேல் வழுக்கிப் போய் வரும்படி தச்சரிடம் செய்து வாங்கினேன். ஒரு வேலைக்கு ஒரு தட்டு. எழும்போது மேசையில் உள்ளதை அப்படியே தட்டில் எடுத்து வைத்து உள்ளே தள்ளிவிடுகிறேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை. தட்டின் முன் விளிம்பில் ஒரு துண்டுச் சீட்டைக் கவ்வியில் மாட்டி, அடுத்துச் செய்ய வேண்டியதை எழுதி வைக்கிறேன். இப்போது மேல் தட்டில் தொங்கும் சீட்டில் இருப்பது இது: "இடப்பக்க இதழ், இரட்டை இழை, 321, ஏழாம் வரிசையிலிருந்து. காம்பைப் பிரித்துவிடு." 321 என்பது நூலின் நிற எண். இந்தச் சீட்டு இல்லாத காலத்தில், விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கவே நான் துணியைப் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு தட்டுகளும் நிரம்பியிருந்தால் ஏழாவது வேலையைத் தொடங்குவதில்லை என்பது நானே எனக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. ஐந்தாம் தட்டில் பதினான்கு மாதங்களாக ஒரு பாசிமணி வேலை உறங்கிக்கொண்டிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நூல்களுக்கு வருகிறேன். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் டிஎம்சி என்ற நிறுவனத்தின் எம்பிராய்டரி நூல்கள். ஒரு கண்டில் எட்டு மீட்டர், பிரித்தால் ஆறு இழைகள். அவற்றைப் பாபின் அட்டைகளில் சுற்றி, வானவில் வரிசையில் சுவரில் அடுக்கியிருந்தேன். அறையிலேயே அதிகம் படம் எடுக்கப்பட்ட இடம் அதுதான். அதிகம் எரிச்சலூட்டிய இடமும் அதுதான். மாதிரித்தாள் நிறத்தின் பெயரைச் சொல்வதில்லை, எண்ணைத்தான் சொல்கிறது. அந்த எண்களுக்கும் வானவில்லுக்கும் தொடர்பே கிடையாது: 309 ரோஜா நிறம், 310 கறுப்பு, 311 கருநீலம். நிற வரிசையில் 311-ஐத் தேட வேண்டுமானால், முதலில் அது நீலம் என்று தெரிந்திருக்க வேண்டும். பிறகு அடுத்தடுத்து நிற்கும் பதினைந்து நீலங்களில் அது எது என்றும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஒரு விடுமுறை நாள் முழுவதையும் செலவிட்டு, எல்லாவற்றையும் எண் வரிசைக்கு மாற்றி, மூடியுள்ள பெட்டிகளில் வைத்தேன். பார்வைக்கு இப்போது அது நிறங்கள் தாறுமாறாகச் சிதறிய குப்பை போலத்தான் தெரிகிறது. ஆனால் எந்த எண்ணைக் கேட்டாலும் உடனே எடுத்துத் தர முடிகிறது. தூசியும் வெயிலும் நூலைத் தொடுவதில்லை என்பது கூடுதல் நன்மை. திறந்த அடுக்கில் சன்னலுக்கு எதிரே இருந்த இளஞ்சிவப்புக் கண்டுகள், வெளிப்புறச் சுற்றில் வெளுத்தும் உட்சுற்றில் பழைய நிறத்தோடும் இருந்ததை, அவற்றைப் பிரித்தபோதுதான் கவனித்தேன்.

இந்த 310, 311 எண்களிடம் இன்னொரு பாடமும் படித்தேன். தொடக்கத்தில் அறைக்கு இதமாக இருக்கட்டும் என்று 3000 கெல்வின் அளவுள்ள மஞ்சள் விளக்குகளைப் போட்டிருந்தேன் (கெல்வின் எண் குறைந்தால் ஒளி மஞ்சளாகவும், கூடினால் வெள்ளையாகவும் இருக்கும்). ஓர் இரவு முழுவதும் ஒரு பறவையின் சிறகுக்குக் கறுப்பு விளிம்பு தைத்து முடித்து நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலை வெளிச்சத்தில் பார்த்தால் விளிம்பில் பாதி கறுப்பு, பாதி கருநீலம். மஞ்சள் விளக்கின் ஒளியில் நீலக்கூறு குறைவு என்பதால், கருநீலம் திருப்பியனுப்ப நீல ஒளியே இல்லாமல் கறுப்பாகத் தெரிகிறது. அதன்பின் வேலைமேசைக்கு மட்டும் 5000 கெல்வின் எல்இடி விளக்குகள் இரண்டை வாங்கினேன். கெல்வின் எண்ணைவிட, நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 90-க்கு மேல் இருக்கிறதா என்றே முக்கியமாகப் பார்த்தேன். வலக்கைப் பழக்கம் உள்ளவள் என்பதால் ஒரு விளக்கு இடப்புறத்திலிருந்து வருகிறது. கையின் நிழல் ஊசிமுனையில் விழுவதில்லை. மஞ்சள் விளக்குகளைக் கழற்றவில்லை. வேலை இல்லாத நேரத்தில் அறையில் சும்மா உட்கார அவை நன்றாகவே இருக்கின்றன.

சுவர் நிறத்திலும் இதே தவற்றைச் செய்திருந்தேன். மேசைக்கு நேர் எதிரே இருந்த சுவருக்கு அடர்ந்த பச்சைநீலம் அடித்திருந்தேன். வண்ணப்பூச்சு பளபளப்பு வகை. பகல் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி, வெள்ளை அட்டைத்தாளின் மேல் ஒரு மெல்லிய பச்சைச் சாயலைப் பூசிவிடும். குவில்லிங்கில் இலைகளுக்கு இரண்டு பச்சைகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது அந்தச் சுவர் முன்னால் முடியாத காரியம். இப்போது மேசையைச் சுற்றியுள்ள மூன்று சுவர்களும் பளபளப்பில்லாத வெண்சாம்பல். பச்சைநீலத்தை விட மனமில்லாமல், முதுகுப்புறமாக இருக்கும் கதவுச் சுவருக்கு அதை மாற்றிக்கொண்டேன்.

கொக்கிகளில் கருவிகளை மாட்டி வைக்கும் துளைப்பலகையைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்பதுண்டு. ஓர் அங்குல இடைவெளியில் துளைகள் கொண்ட ஹார்டுபோர்டு வகை, நான்கடிக்கு மூன்றடி. கொக்கியின் பின்வளைவு நுழைய இடம் வேண்டும் என்பதால், சுவருக்கும் பலகைக்கும் இடையே கட்டைகள் வைத்துத்தான் பொருத்த வேண்டும். இதை அறியாமல் சுவரோடு ஒட்டிப் பொருத்திவிட்டு, மறுவாரமே கழற்றியவர்களில் நானும் ஒருத்தி. அதன் அடுத்த குறை, கத்தரிக்கோலை எடுக்கும்போது கொக்கியும் கூடவே கையோடு வந்துவிடுவது. ஒவ்வொரு கொக்கியின் அடியிலும் குளூ கன்னால் (பசையை உருக்கிச் சொட்டவிடும் கருவி) ஒரு சொட்டுப் பசை வைத்ததில் அது நின்றது. இடம் மாற்ற வேண்டுமானால் நகத்தால் நெம்பினாலே பசை உரிந்து வந்துவிடுகிறது. முதலில் முப்பத்து நான்கு கொக்கிகளில் கருவிகளை மாட்டியிருந்தேன். ஒரு மாதம் கணக்கெடுத்துப் பார்த்ததில், அவற்றில் பதினொன்றைத்தான் வாரம் ஒருமுறையாவது தொட்டிருந்தேன். மற்றவை இப்போது இழுப்பறைக்குள் போய்விட்டன. துணிக்கான கத்தரிக்கோலைத் துளைப்பலகையில் மாட்டுவதில்லை. கண்ணில் பட்டால் வீட்டில் யாராவது அதை எடுத்துத் தாள் வெட்டிவிடுகிறார்கள். தாளில் கலந்திருக்கும் சுண்ணாம்பு, களிமண் போன்ற கனிமத்தூள்கள் அதன் விளிம்பை மழுக்கிவிடும் என்று எத்தனை முறை விளக்கினாலும் பயனில்லை, ஒளித்து வைப்பதே வழி.

அலமாரி விஷயத்தில் சுருக்கமாக ஒரு எச்சரிக்கை. தாள் எவ்வளவு கனம் என்பதை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். சாதாரண ஏ4 தாள் ஐந்நூறு கொண்ட ஒரு கட்டே இரண்டரைக் கிலோ. 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம்) கொண்ட 12 அங்குலச் சதுர அட்டைத்தாள் நூறு சேர்ந்தால் அதற்குச் சற்றுத்தான் குறைவு. நான்கடி நீளமுள்ள பார்ட்டிக்கிள் போர்டு (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை) தட்டில் இத்தகைய கட்டுகளை வரிசையாக அடுக்கியதில், ஓராண்டில் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியும்படி தொய்ந்துவிட்டது. பலகை ஒரே சீராகச் சுமை தாங்கும்போது, தாங்கிகளுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே தடித்த பலகை தேடி அலையாமல், நடுவில் ஒரு செங்குத்துப் பலகையை நிறுத்தினேன். அதன்பின் அது அசையவில்லை. ஏற்கெனவே விழுந்த வளைவு மட்டும் முழுதாக நிமிரவில்லை.

மேசை உயரத்தில் ஒரே அளவு போதும் என்று நினைத்தது என் முதுகு அறிந்த பிழை. உட்கார்ந்து தைப்பதற்கு 29 அங்குலம் சரியாக இருக்கிறது. நின்றுகொண்டு துணி வெட்டுவதற்கு 36 அங்குலமாவது வேண்டும். இரண்டு மேசைகளுக்கு இடம் இல்லாததால், சக்கரம் வைத்த ஓர் இழுப்பறை அலமாரியின் மேற்பரப்பையே துணி வெட்டும் மேசையாக்கிக்கொண்டேன். சக்கரங்களுக்குப் பூட்டு இருக்க வேண்டும். இல்லையென்றால் சுழல்கத்தியை அழுத்தும்போது மேசை நம்மை விட்டு நகர்ந்துவிடும். அதன்மேல் விரித்த வெட்டுப்பாயை ஒரு கோடைநாளில் கழுவிச் சன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டு மறந்துபோனேன். வெயில் சூட்டில் அது வில்லாக வளைந்துவிட்டது. அதன்மேல் கனமான பொருள்களை ஒரு மாதம் ஏற்றி வைத்தும் ஒரு மூலை இன்னும் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது.

சிறு பொருள்களுக்கு முதலில் வட்டக் கண்ணாடிப் புட்டிகளை வரிசையாக வைத்திருந்தேன். பாசிமணிகள் அவற்றில் மிக அழகாகத் தெரியும். ஆனால் சதுர இடத்தில் வட்டத்தை வைத்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீணாகிறது. கண்ணாடி கைதவறினால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டேன். 11/0 அளவு மணி ஒன்று ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர்தான். அவை உருண்டோடிய மூலைகளிலிருந்து நான்கு மாதம் கழித்தும் பெருக்கும்போது வந்துகொண்டிருந்தன. இப்போது ஒளிபுகும் சதுரப் பெட்டிகள்தாம். லேபிளை மூடியில் ஒட்டாமல் பெட்டியின் உடலில் ஒட்டுங்கள். ஒரே அளவுப் பெட்டிகளின் மூடிகள் மாறிப்போக ஒரு மாலைப்பொழுது போதும். இரட்டை முனை மார்க்கர்களைக் குவளையில் நிறுத்தி வைப்பதையும் விட்டுவிட்டேன். நிறுத்தினால் மை ஒரு முனைக்கு இறங்கி மறுமுனை வறண்டுவிடுகிறது. படுக்க வைத்தால் இரண்டும் ஈரமாகவே இருக்கின்றன.

அலங்காரம் என்று நான் வாங்கியவற்றில் இன்று எஞ்சியிருப்பது குறைவு. சரவிளக்கு தூசி சேர்த்தது, எடுத்துவிட்டேன். வாசகம் எழுதிய பலகைகள் மூன்று மாதத்துக்குமேல் கண்ணில் படவே இல்லை. நிலைத்தது, நான் செய்த வேலைகளைச் சட்டமிட்டு மாட்டிய சுவர் ஒன்றுதான். அதிலும் ஒரு குவில்லிங் படம் மாலை வெயில் படும் இடத்தில் தொங்கியிருந்தது. கண்ணாடியை மாற்றுவதற்காகச் சட்டத்தைப் பிரித்தபோது, விளிம்பு அட்டை மறைத்திருந்த அரை அங்குலத்தில் மட்டும் ஊதா நிறம் முதல்நாள் போலவே இருந்தது. மற்ற இடமெல்லாம் சாம்பலாகிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு முடித்த வேலைகளை வெயில் எட்டாத சுவருக்கு மாற்றி, வெயில் படும் சுவரில் ஒரு மென்பலகையை வைத்தேன். துணித்துண்டு, நிறச் சோதனைத் தாள், தவறாக வந்த பூ என அடுத்த வேலைக்கான மாதிரிகளை அதில் குண்டூசியால் குத்தி வைக்கிறேன். வெளுத்தாலும் நட்டமில்லாதவை அவை, மாதந்தோறும் மாறுபவை. பார்க்கிறவர்களுக்கு அலங்கோலமாகத் தோன்றலாம். எனக்கு அறையிலேயே பிடித்த இடம் அது.

இன்னும் தீராமல் இருப்பது மின்சாரம். அறையில் ஒரே ஒரு மின்செருகி முனைதான் இருந்தது. அயர்ன் பெட்டி, குளூ கன், விளக்குகள் அனைத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தேன். ஒருநாள் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அதன் வயரில் கால் பட்டது, வெதுவெதுப்பாக இருந்தது. அயர்ன் பெட்டியை அன்றே அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விட்டேன். வெட்டும் மேசைக்கருகில் தனி முனை போட மின்பணியாளர் வந்து சுவரில் கோடு கிழித்துவிட்டுப் போயிருக்கிறார்; அந்தக் கோட்டுக்கு மேலேதான் துளைப்பலகை இருக்கிறது. அதை மறுபடியும் கழற்ற வேண்டும்.