மாதம் 1,499 என்றார்கள், கடன் என்று சொல்லவில்லை

பிள்ளையை வீட்டில் வைத்தே படிக்க வைக்கலாம் என்று யோசிப்பவர்கள், எந்த நிறுவனத்துக்கும் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் பொள்ளாச்சி பக்கம். போன வருடம் மகளுக்கு ஐந்தரை வயது. யுகேஜி படித்த தனியார் பள்ளிக்குக் கிளம்பும்போது தினமும் அழுகை, சில நாள் வாந்தி. ஒன்றாம் வகுப்புக்கு 48,000 ரூபாய் கேட்டார்கள், வேன் தனி. இவ்வளவு கொட்டிக் கொடுத்து அழவும் வைக்க வேண்டுமா என்று, ஒரு வருடம் வீட்டில் வைத்துக்கொள்ள முடிவு செய்தேன். கணவருக்கு அரை மனசுதான்.

இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனத்தின் ஃபேஸ்புக் விளம்பரத்தில் நம்பரைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் போன். "மாசம் வெறும் 1,499 மேடம், ட்யூஷன் ஃபீஸ்கூட அதைவிட ஜாஸ்தி." தினமும் நேரலை வகுப்பு, வீட்டுக்கே புத்தகப் பெட்டி, வருடக் கடைசியில் 'அரசு அங்கீகாரம் பெற்ற ஒன்றாம் வகுப்புச் சான்றிதழ்'. நான் விழுந்தது அந்தக் கடைசி வார்த்தையில். நாளைக்குப் பள்ளியில் சேர்க்கப் போனால் பேப்பர் எங்கே என்று கேட்பார்களே என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்தது. அதைச் சரியாகத் தொட்டுவிட்டார்கள்.

அங்கீகாரத்துக்கு ஆதாரம் கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. தலையில் 'இந்திய அரசு' என்று பார்த்ததும் சரி என்று விட்டுவிட்டேன். அது உத்யம் பதிவுச் சான்று. சிறுதொழில் செய்பவர்கள் இணையத்தில் தாங்களே விவரம் நிரப்பி இலவசமாக வாங்கிக்கொள்வது. முறுக்குச் சுட்டு விற்பவருக்கும் கிடைக்கும். கல்விக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சான்றிதழ் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் பின்னாளில் பரீட்சை எழுதுவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்ஐஓஎஸ் வழியாக. அங்கே பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது 14. சின்னப் பிள்ளைகளுக்கான அடிப்படைக் கல்வியில் ஏ, பி, சி என்று மூன்று நிலைகள். முதல் நிலையே மூன்றாம் வகுப்புக்குச் சமம். ஒன்றாம் வகுப்புக்கென்று தனிச் சான்றிதழ் கிடையாது. தேவையும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கானது. அதில் வீட்டுக் கல்வி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 'சட்டமே எங்கள் முறையை ஏற்றிருக்கிறது' என்று விற்பனையாளர் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கு.

அடுத்தது பணம். அன்று ராத்திரியே ஆதார், பான் எண், வங்கி விவரம் எல்லாம் கேட்டார். "வெரிஃபிகேஷனுக்குத்தான் மேடம்." இரண்டு ஓடிபி சொன்னேன். அ, ஆ சொல்லிக்கொடுக்க பான் கார்டு எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் காலை ஒரு நிதி நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி: உங்கள் கடன் 17,988 ரூபாய் வழங்கப்பட்டது. பதறிப் போன் செய்தால், "அது எங்க பேமென்ட் பார்ட்னர் மேடம், எல்லாருக்கும் அப்படித்தான் வரும்" என்றார்.

நடந்தது இதுதான். ஒரு வருடப் பணத்தையும் நிதி நிறுவனம் மொத்தமாக அவர்களுக்குக் கொடுத்துவிட்டது. கடனாளி நான். வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் தவணை போகும். வாங்க வேண்டியதை முதல் நாளே வாங்கிவிட்டவருக்கு அதன்பின் நம்மிடம் என்ன அக்கறை? செயலி வழியாகத் தரும் கடனை அபராதம் இல்லாமல் திருப்பிவிட ஓர் அவகாசம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. அந்த அவகாசத்தைச் சொல்லும் கடன் விவரத் தாள் எனக்கும் மின்னஞ்சலில் வந்திருந்தது, பதினொரு பக்கம் ஆங்கிலத்தில். திறந்துகூடப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திரையில் 38 பிள்ளைகள், எல்லோர் மைக்கும் அணைத்திருக்கும். இரண்டு மாதத்தில் மூன்று டீச்சர் மாறினார்கள். பணம் கட்டிய 17-ஆம் நாள்தான் புத்தகப் பெட்டி வந்தது. பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு 15 நாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பெட்டியில் இருந்தவை ஸ்பைரல் போட்ட பயிற்சித் தாள்கள். பக்கத்துக்குப் பக்கம் அவர்கள் லோகோ. ஒரு தாளின் மூலையில் சின்னதாக 'அரும்பு' என்று இருந்தது. "அரும்புன்னா என்னம்மா?" என்று மகள் கேட்டாள். மல்லிகை பூக்கிறதுக்கு முன்னாடி இருக்குமே அது என்றேன். பக்கத்து வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. எட்டிப் பார்த்தவள், "அக்கா, இது எங்க எண்ணும் எழுத்தும் புக்குல இருக்குதுங்க" என்றாள். ஓடிப்போய் எடுத்தும் வந்துவிட்டாள். அதே படம், அதே கணக்கு. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய திட்டம் அது. அரும்பு, மொட்டு, மலர் என்பவை அதில் பிள்ளைகளின் கற்றல் நிலைகள். லோகோ ஒட்டியவர்கள் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அழிக்க மறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களும் என்சிஇஆர்டி புத்தகங்களும் இணையத்தில் இலவசம். வேண்டிய பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கே ரத்து செய்யச் சொன்னேன். முடியாது என்றார்கள். வங்கியில் ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிடலாம் என்று கிளம்பியபோது, கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன்தான் தடுத்தார். "டெபிட்டை நிறுத்தினா கடன் நிக்காது. பவுன்ஸ் சார்ஜ் போடுவான், சிபில் ஸ்கோர் விழும், நாளைக்கு வேற கடன் கிடைக்காது." 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே இணையவழிக் கல்வி நிறுவனங்கள் பற்றி எச்சரித்து, தானாகப் பணம் பிடிக்கும் முறையைத் தவிர்க்கச் சொல்லியிருந்தது. எனக்குத்தான் இவ்வளவு தாமதமாகத் தெரிந்தது.

பிறகு 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைத்துப் புகார் பதிந்தேன். நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுதினேன். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்பதையும் சேர்த்து. கை கொடுத்தது ஒன்றுதான். என் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். "கடன் எல்லாம் இல்லை மேடம், மாசச் சந்தாதான்" என்று விற்பனையாளர் சொன்னது அவர் குரலிலேயே இருந்தது. அதை அனுப்பிய பிறகு பேச்சு மாறியது. மீதிக் கடனை வகுப்பு நடத்திய நிறுவனமே அடைத்தது. ஆறு தவணை, 8,994 ரூபாய், போனது போனதுதான். கடன் முடிந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வாங்காமல் விடாதீர்கள்.

இந்த ஜூனில் மகளை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தோம். தலைமை ஆசிரியை கேட்டது பிறப்புச் சான்றும் ஆதாரும். ஒன்றாம் வகுப்புச் சான்றிதழ் பற்றி ஒரு கேள்வி இல்லை. புத்தகங்களைக் கையில் கொடுத்ததும் இவள் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதை நான் போன வருசமே எழுதிட்டேன்" என்றாள்.