மினி விப் ஆன்டெனா: எர்த் சரியாக இருந்தால் தைரியமாக வாங்கலாம்

7 மெகாஹெர்ட்ஸ் சிற்றலை கேட்க ஒரு டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த கம்பி ஆன்டெனா) கட்ட 20 மீட்டர் கம்பி வேண்டும். சென்னை அடுக்குமாடியில் அதற்கு எங்கே போவது? அதனால்தான் ஆன்லைனில் மினி விப் என்ற சின்ன ரேடியோ ஆன்டெனா வாங்கி, பிவிசி பைப்பில் பொருத்தி மொட்டை மாடியில் நிறுத்தினேன்.

நெதர்லாந்தின் ரூலோஃப் பாக்கர் உருவாக்கிய வடிவம் இது. உள்ளங்கை அளவுகூட இல்லாத செம்புத் தகடு, பின்னால் ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர்: ஒரு ஜே310 எஃப்.இ.டி. (ஒரு வகை டிரான்சிஸ்டர்), ஒரு 2என்5109 டிரான்சிஸ்டர். அலைநீளத்துக்கு ஏற்ப நீளத்தை வெட்டும் வேலையே இல்லை. தகட்டில் தோன்றும் வோல்டேஜை எஃப்.இ.டி. வாங்கி 50 ஓம் கேபிளுக்குக் கொடுக்கிறது. 10 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 20 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே தகடு போதும் என்பது அதனால்தான். டுவென்டே பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்டிஆரில் (இணையம் வழியே யாரும் கேட்கக்கூடிய ரேடியோ) கேட்பதும் ஒரு மினி விப் வழியாகத்தான்.

திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அனுப்பும் 18.2 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் என் எஸ்டிஆர் (கணினியில் இயங்கும் ரேடியோ) திரையில் தெளிவான கோடாக விழுந்தபோது அசந்துபோனேன். அதன் அலைநீளம் 16 கிலோமீட்டருக்கும் மேல்!

ஆனால் எர்த் இல்லாமல் இதை மதிப்பிடாதீர்கள். தகட்டுக்கும் கேபிளின் வெளி உறைக்கும் இடையே உள்ள வோல்டேஜைத்தான் இது எடுக்கிறது. அந்த உறை வீட்டுக்குள் ஓடினால் எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் இரைச்சல் எல்லாம் சிக்னலோடு சேர்ந்துவிடும். கேபிளைத் தரைவரை இறக்கி, தோட்டத்தில் எர்த் கம்பி அடித்து, உறையை அதில் இணைத்த பிறகே உள்ளே கொண்டுவந்தேன். நுழையும் இடத்தில், உறை வழியே வரும் இரைச்சலைத் தடுக்க, கேபிளை ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் சில சுற்று சுற்றினேன். அப்புறம்தான் 10 மெகாஹெர்ட்ஸில் சீனாவின் பிபிஎம் நேர சிக்னல் டிக் டிக்கென்று தனியாகக் கேட்டது.

பெட்டியோடு வந்த 12 வோல்ட் அடாப்டர் மகா மோசம், மீடியம்வேவ் முழுக்க உறுமல். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை சப்ளையைப் போட்டதும் நின்றது. பெட்டியின் மூடியும் மழைக்குத் தாங்காது, சிலிகான் பூசுங்கள். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் இங்கே பலமாக இருப்பதால், அதன் இரு மடங்கான 1440-இல் அதன் நிழல் வருகிறது. ரேடியோவில் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் பகுதி) போட்டாலும் அந்த நிழல் மற்ற சிக்னல்களோடு சேர்ந்து அதே அளவே குறைகிறது; ரேடியோவில் உருவாகியிருந்தால் இன்னும் வேகமாகக் குறைந்திருக்கும், ஆகவே ஆன்டெனாவின் ஆம்ப்ளிஃபையரில்தான் உருவாகிறது.

பால்கனி மட்டும் உள்ளவர்கள் லூப் (வளைய வடிவ) ஆன்டெனா வாங்குங்கள், திருப்பி வைத்து இரைச்சலைக் குறைக்கலாம். ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் கவனத்துக்கு: இது கேட்பதற்கு மட்டும். டிரான்ஸ்மிட்டரை இணைத்தால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் போய்விடும்.