ஓராண்டு இணையச் சந்தாவை மொத்தமாகக் கட்டும் முன், கணக்கு யார் கைப்பேசி எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள்: ஏற்காட்டிலிருந்து ஓர் எச்சரிக்கை

ஏற்காட்டிலும் அதைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலும் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களும் புதிதாக எடுக்கப் போகிறவர்களும் இதை முழுவதும் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட் வேகம்) திட்டத்துக்கு ஓராண்டுச் சந்தாவை முன்பணமாக வாங்கிக்கொண்டு, முதல் மாதம் மட்டும் அந்தத் திட்டத்தைப் போட்டுவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து 40 எம்பிபிஎஸ் மாதத் திட்டத்தை ரீசார்ஜ் செய்து, மீதிப் பணத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும் முகவர் ஒருவரிடம் நானும் எங்கள் தெருவில் உள்ள வேறு சில குடும்பங்களும் பணம் கட்டியிருக்கிறோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரையோ முகவரின் பெயரையோ இங்கே எழுதவில்லை. இதே முறையை எந்த நிறுவனத்தின் முகவரும் கையாள முடியும் என்பதால், இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீடு நாகலூர் செல்லும் பக்கத்தில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. மலைச்சரிவு மறைப்பதால் கைப்பேசிச் சிக்னல் வீட்டுக்குள் நிலையாக நிற்பதில்லை. நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். எனக்கு இணையம் நின்றால் அன்றைய வேலை நின்றுவிடும். எனவே ஃபைபர் வருகிறது என்று கேள்விப்பட்டதும் தெருவில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. முகவர் நேரில் வந்தார், மரியாதையாகப் பேசினார், மாதக் கட்டணம் 700 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 826 ரூபாய் என்று கணக்குச் சொன்னார். பத்து மாதத்துக்கு உரிய 8,260 ரூபாயை ஒரே தவணையாகக் கட்டினால் பன்னிரண்டு மாதமும் இணைப்பு உண்டு, ரவுட்டர் இலவசம் என்றார். பணத்தைத் தம்முடைய யூபிஐ எண்ணுக்கே அனுப்பச் சொல்லி, கையால் எழுதிய ரசீது ஒன்றைக் கொடுத்தார். மலைப்பகுதியில் பலர் இப்படித்தான் கேபிள் டிவிக்குப் பணம் கட்டிப் பழகியவர்கள் என்பதால், யாருக்கும் இது விசித்திரமாகத் தோன்றவில்லை.

முதல் மாதம் சொன்ன வேகம் குறையாமல் கிடைத்தது. இரண்டாம் மாதத் தொடக்கத்தில் பெரிய கோப்புகள் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நேரம் பிடித்தது. முகவரிடம் கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: “சார், மலைல வேற மாதிரிங்க. பனி இறங்குனா லைன் வீக் ஆயிடும். கீழ சேலத்துல வர்ற ஸ்பீடு இங்க வராதுங்க சார்.” இதே பதிலைத்தான் எங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். பலர் அதை நம்பி, மலையில் குடியிருப்பதற்கான விலை இது என்று விட்டுவிட்டார்கள். இந்தப் பதில் உண்மையாக இருக்க முடியாது என்பதற்கான காரணத்தைக் கொஞ்சம் பொறுமையாக விளக்க வேண்டும்.

ஃபைபரில் தகவல் ஒளியாகக் கண்ணாடி இழைக்குள் செல்கிறது. வெளியே பனி மூடியிருந்தாலும் வெயில் அடித்தாலும் உறைக்குள் இருக்கும் அந்த இழைக்கு அதனால் பாதிப்பு இல்லை. கேபிள் அறுந்தாலோ, ஒட்டுப் போட்ட இடம் சரியில்லாமல் போனாலோ, மிகவும் வளைந்து கிடந்தாலோ ஒளி குறையும். எங்கள் மலையில் கம்பத்திலும் சில்வர் ஓக் மரங்களிலும் கேபிளைக் கட்டி இழுத்திருப்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் கிளை முறிந்து கேபிள் அறுவது உண்மையிலேயே நடக்கும். அதைச் சரிசெய்ய மழையில் நனைந்துகொண்டு மரம் ஏறும் லைன்மேன்களின் சிரமத்தை நான் அறிவேன், அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒளி போதாமல் போனால் இணைப்பு விட்டு விட்டு வரும், அல்லது ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்து இணைப்பே போய்விடும். வாரக்கணக்கில் வேகத்தை ஒரே எண்ணில் பிடித்து வைக்கும் வேலையை அது செய்யாது.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும், உலாவியில் தட்டி உள்ளே சென்றால் ஒளியின் அளவைக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் அது மைனஸ் 20 டிபிஎம் (ஒளியின் வலிமையைக் குறிக்கும் அலகு) அளவில் இருந்தது. மைனஸ் 27-ஐத் தாண்டிக் கீழே போனால்தான் வீட்டு ரவுட்டர்கள் தடுமாறத் தொடங்கும். அதாவது லைன் நன்றாகவே இருந்தது.

அடுத்து வேகத்தை அளந்தேன். வைஃபையில் அளந்தால் சுவரும் தூரமும் கணக்கைக் குழப்பும் என்பதால், என்னிடம் இருந்த ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியை லான் கேபிள் வழியாக நேரடியாக ரவுட்டரில் இணைத்து, ஒவ்வொரு மணி நேரமும் தானாக வேகத்தை அளந்து பதிவு செய்யும்படி வைத்தேன். மாலையில் எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில் நெரிசல் இருந்தால் வேகம் சரிந்து, நள்ளிரவுக்குப் பிறகு மீண்டும் ஏற வேண்டும். என் பதிவில் அப்படி ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. இரவு ஒன்பது மணிக்கும் 39 அல்லது 40, விடியற்காலை மூன்று மணிக்கும் 39 அல்லது 40. வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தது போல இருந்தது. நெரிசலோ மழையோ இப்படிக் கோடு போடாது. திட்டத்தின் உச்சவரம்பு மட்டுமே போடும்.

அதற்குப் பிறகு ஒரு நாள் இணையம் முழுவதுமாக நின்றுபோனது. கேபிள் கட் ஆகிவிட்டது, ஆள் அனுப்புகிறேன் என்றார் முகவர். கேபிள் அறுந்திருந்தால் ரவுட்டரில் எல்ஓஎஸ் (ஒளி வரவில்லை என்று காட்டுவது) என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அன்று அந்த விளக்கு அணைந்திருந்தது. அதன் பக்கத்தில், ஃபைபர் இணைப்பு இருக்கிறது என்று காட்டும் பான் (PON) விளக்கு பச்சையாக, சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் ஒளி வந்துகொண்டிருக்கிறது, கணக்குதான் முடிந்துபோயிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. ஓராண்டுக்குப் பணம் கட்டிய கணக்கு சில மாதத்தில் எப்படி முடியும்? ஆள் யாரும் வரவில்லை. மாலையில் இணையம் தானாக வந்துவிட்டது, ஏனென்றால் மாத ரீசார்ஜை அவர் அப்போதுதான் செய்திருக்கிறார்.

உலாவியில் திறந்த அந்த ரவுட்டர் பக்கங்களிலேயே நம் கணக்கின் பயனர் பெயர் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் செயலியில் நுழையப் பார்த்தேன். பதிவு செய்யப்பட்ட எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகச் செய்தி வந்தது. என் கைப்பேசிக்கு எதுவும் வரவில்லை. திரையில் அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டியிருந்தார்கள். முகவர் கொடுத்த விசிட்டிங் கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நான்கு இலக்கங்கள். என் வீட்டு இணைப்பு, என் ஆதார் நகலைக் கொடுத்து எடுத்த இணைப்பு, அவருடைய எண்ணில் இருந்தது. எந்தத் திட்டம் போட்டாலும், எப்போது மாற்றினாலும், குறுஞ்செய்தி அவருக்கே போகும். எனக்குத் தெரிய வழியே இல்லை.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தபோது, “உங்க நம்பர்ல எந்தக் கணக்கும் இல்லைங்க சார், ரெஜிஸ்டர் ஆன நம்பர்ல இருந்து பேசச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டார்கள். பயனர் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதி, ஆதார் நகலையும் யூபிஐ ரசீதையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான், கணக்கில் இருப்பது 40 எம்பிபிஎஸ் மாதத் திட்டம் என்றும், பத்து மாதப் பணத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்ற சலுகையைத் தாங்கள் அறிவிக்கவே இல்லை என்றும் எழுத்தில் பதில் வந்தது. அந்தத் திட்டம் ஜிஎஸ்டியுடன் மாதம் 472 ரூபாய். முதல் மாதம் 826, மீதிப் பதினொரு மாதத்துக்கு 5,192 என்று போட்டாலும் ஓராண்டுக்கு அவர் செலவழிப்பது 6,018 ரூபாய். ஒரு வீட்டில் 2,242 ரூபாய் அவர் கையில் நிற்கிறது. அவரிடம் பணம் கட்டிய எல்லா வீடுகளுக்கும் அதைப் பெருக்கிப் பாருங்கள்.

நேரில் கேட்டபோது முகவர் மறுக்கவில்லை. மீதியைத் தருகிறேன், புகார் மட்டும் வேண்டாம் என்றார். எனக்கு மட்டும் திருப்பித் தந்து வாயை அடைப்பது தீர்வாகாது என்பதால் நான் அதற்கு இணங்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். வெளிநாட்டில் உள்ள மகனுடன் வீடியோவில் பேசுவதற்காகவே இணைப்பு எடுத்தவர். “மெதுவா வந்தாலும் பரவால்லப்பா, பேரன் முகம் தெரிஞ்சா போதும்” என்று பல மாதம் பொறுத்துக்கொண்டார். அவர் கட்டியதும் அதே 8,260 ரூபாய். அந்தப் பொறுமையைக் காசாக்கியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புகாருக்கு உள்ள வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிராய் என்ற இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. ஆனால் அது 2012-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி தொலைத்தொடர்பு நிறுவனங்கள் புகாருக்கு எண் கொடுத்தாக வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குக் கட்டணமின்றிப் போகலாம், அது 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அழைப்பை எடுப்பவரிடம் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் பதிவு செய்திருக்கிறேன். தொலைத்தொடர்பு விவகாரம் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகாது என்று முகவர் என்னிடம் அழுத்திச் சொன்னார். போகும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால், நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஏற்கெனவே இணைப்பு வைத்திருப்பவர்கள் இன்றே நிறுவனத்தின் செயலியைத் திறந்து ஓடிபி உங்கள் கைப்பேசிக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மற்ற எதையும் ஆராய வேண்டியதில்லை, அங்கேயே தெரிந்துவிடும். வந்தால் திட்டத்தின் பெயரையும் முடியும் தேதியையும் பாருங்கள். புதிதாக எடுப்பவர்கள் பணத்தைச் செயலி வழியாக நிறுவனத்துக்கே கட்டுங்கள். ஜிஎஸ்டி எண்ணுடன் பில் வராத இடத்தில் ஓராண்டுப் பணம் கொடுக்க வேண்டாம். வேகத்தைப் பற்றிப் பேசும்போது எம்பிபிஎஸ் வேறு, கோப்பு இறங்கும்போது கணினி காட்டும் எம்பி வேறு என்பதை நினைவில் வையுங்கள்: ஒரு எம்பி என்பது எட்டு மெகாபிட், எனவே 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்குச் சுமார் 12 எம்பி இறங்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருவரிடம் முகவர் “அஞ்சு எம்பி வருதே, அதுவே ஃபுல் ஸ்பீடுங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த ஐந்து எம்பி என்பது சரியாக 40 எம்பிபிஎஸ்.

என் கணக்கு இப்போது என் எண்ணுக்கு மாறிவிட்டது, ஆசிரியையின் கணக்கும் மாறிவிட்டது. பணம் யாருக்கும் இன்னும் திரும்பவில்லை. நிறுவனம் முகவரைக் கை காட்டுகிறது, முகவர் அடுத்த மாதம் என்கிறார். நிறுவனத்திடம் செய்திருக்கும் மேல்முறையீட்டின் முடிவு வந்ததும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சேர்ந்து சேலம் ஆணையத்தில் மனு கொடுக்க இருக்கிறோம். இதே முகவரிடம் இதே சலுகையில் பணம் கட்டிய ஏற்காட்டுக்காரர்கள் ரசீதையும் யூபிஐ விவரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு என்னைத் தொடர்பு கொள்ளுங்கள்.