சிவப்புப் பந்தா, மஞ்சள் பந்தா? டென்னிஸின் முதல் வகுப்புகளும் அவற்றை நடத்தும் கோச்சின் படிப்பும்

புதிதாக டென்னிஸ் கற்க வருகிறவர்களுக்கு இன்று இரண்டு வழிகளில் ஆட்டம் அறிமுகமாகிறது. பழைய வழியில் முழுக் கோர்ட், மஞ்சள் பந்து, கூடை நிறையப் பந்துகளோடு நெட் ஓரம் நிற்கும் கோச், எதிரே வரிசையில் பிள்ளைகள். இன்னொன்று, சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் 2007-இல் ‘பிளே அண்ட் ஸ்டே’ என்ற பெயரில் உலகம் முழுக்க எடுத்துச்சென்ற வழி. கோர்ட் சிறியது, பந்து மெதுவானது (சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று படிப்படியாக வேகம் கூடும்), முதல் வகுப்பிலேயே பந்தை அடித்து ஆட்டத்தைத் தொடங்கும் சர்வ் போட்டு, பந்தை மாறி மாறித் திருப்பி அடிக்கும் ரேலி ஆடி, பாயின்ட் எண்ண வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்தே கூடாது என்ற விதி 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் போட்டிக்கு வெளியே, தினசரி வகுப்புகளில் பழைய வழிதான் இன்னும் பல ஊர்களில் ஓடுகிறது. எது எங்கே பயன்படும், எது எங்கே சறுக்கும் என்று பார்ப்போம். கோச் ஆக விரும்புகிறவருக்கு எந்தப் படிப்பு நல்லது என்பதும் இதோடு பிணைந்தே இருக்கிறது.

பந்து எழும் உயரம்

விவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. விதிப்படி மஞ்சள் பந்தை 254 செ.மீ உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்டால் 135 முதல் 147 செ.மீ வரை எழ வேண்டும். பச்சைப் பந்து 120 முதல் 135. ஆரஞ்சு 105 முதல் 120. துணிநார் போர்த்திய சிவப்புப் பந்து 90 முதல் 105. எடையிலும் அதே இறக்கம்தான்: மஞ்சள் பந்து 56 கிராமுக்குக் குறையாது, சிவப்பு 49 கிராமைத் தாண்டாது. சிவப்புப் பந்து அளவில் பெரியது, 7 முதல் 8 செ.மீ விட்டம். அதனால் காற்றில் வேகம் இழக்கும், கண்ணுக்கும் எளிதில் பிடிபடும்.

இதை ஒரு பிள்ளையின் உடம்போடு வைத்துப் பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 115 செ.மீ. தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் நெட்டைத் தாண்டி வளைந்து வரும் மஞ்சள் பந்து தரையில் பட்டு ஏறக்குறைய 110 செ.மீ எழும், அதாவது நெற்றிக்கு நேரே. அதே வளைவில் வரும் சிவப்புப் பந்து 75 செ.மீ அளவில் நின்றுவிடும். அது இடுப்புக்குச் சற்று மேல்.

நெற்றிக்கு வரும் பந்தை அடிக்கப் பிள்ளை மூன்று தந்திரங்களைத் தானாகவே கண்டுபிடிக்கும். கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கையைச் சுழற்றி வைத்துக்கொள்ளும், அல்லது உடம்பைப் பின்னால் சாய்க்கும், அல்லது கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனுக்கு மூன்றடி பின்னால் ஓடும். அந்த நேரத்துக்கு மூன்றுமே வேலை செய்வதால் மூன்றும் பழக்கமாகிவிடும். பதினொரு வயதில் அதே பிள்ளை தாழ்ந்து சறுக்கி வரும் பந்தை எடுக்க முடியாமல் தடுமாறுவதற்கும், பந்து தரையில் படுமுன்னே அடிக்கும் வாலி ஆட வராததற்கும் காரணம் பெரும்பாலும் இந்தப் பிடிதான். அதை மாற்ற மாதங்கள் ஆகும்.

கோர்ட்டும் நெட்டும்

முழுக் கோர்ட் 23.77 மீட்டர் நீளம், ஒற்றையர் அகலம் 8.23 மீட்டர், நெட் நடுவில் 91.4 செ.மீ. சிவப்பு நிலைக்குச் சுமார் 11 × 5.5 மீட்டர், நெட் 80 செ.மீ. ஆரஞ்சுக்குச் சுமார் 18 × 6.5 மீட்டர், நெட் அதே 80. பச்சைப் பந்துக்கு முழுக் கோர்ட்.

சிவப்புக் கோர்ட்டின் நீளமும் முழுக் கோர்ட்டின் இரட்டையர் அகலமும் ஏறத்தாழ ஒன்றே, 10.97 மீட்டர். எனவே சிவப்புக் கோர்ட்டுகளைக் குறுக்காகப் போட்டால் நெட்டுக்கு ஒருபுறம் இரண்டாக, ஒரு முழுக் கோர்ட்டில் நான்கு அமையும். எட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆடலாம்.

டென்னிஸ் கோர்ட்டே இல்லாத ஊர்களுக்கும் இதில் நல்ல செய்தி உண்டு. பேட்மிண்டன் கோர்ட் 13.4 × 6.1 மீட்டர், சிவப்புக் கோர்ட் அதற்குள் அடங்கிவிடும். வாலிபால் கோர்ட் 18 × 9 மீட்டர், ஆரஞ்சுக்குப் பொருத்தம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல பள்ளிகளில் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கிறது. பேட்மிண்டன் நெட்டைக் கீழே இறக்கிக் கட்டும்போது மேல் விளிம்பு தரையிலிருந்து 80 செ.மீ இருக்கட்டும், நடுவில் தொய்ந்து 65-க்கு வந்தால் பிள்ளைகள் பந்தைத் தட்டையாக அடிக்கப் பழகிவிடுவார்கள். தரை மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும். வாலிபால் ஆடும் மணல் கலந்த மண் தரையில் சிவப்புப் பந்து எழவே எழாது. அங்கே ஆரஞ்சுப் பந்தைச் சிறிய கோர்ட்டில் ஆடுவதே வழி.

ராக்கெட் வாங்கும்போது பெற்றோர் செய்யும் தவறு எங்கும் ஒன்றுதான்: ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று 27 அங்குல ராக்கெட் வாங்குவது. கையைத் தொங்கவிட்டுப் பிடித்தால் ராக்கெட்டின் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ஐந்து, ஆறு வயதுக்கு 19 அல்லது 21 அங்குலம், ஏழு, எட்டுக்கு 23, அதற்கு மேல் 25, 26. நீளம் கூடினால் ராக்கெட்டின் தலை கீழே தொங்கும், மணிக்கட்டு வலிக்கும், பிள்ளை இரு கையாலும் பிடித்துத் தள்ளத் தொடங்கும்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை பந்து?

கூடை முறையில் எட்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள் என்று வையுங்கள். கோச் நான்கு விநாடிக்கு ஒரு பந்து போட்டால் 72 பந்துள்ள கூடை ஐந்து நிமிடத்தில் காலி. பொறுக்க மூன்று நிமிடம். எட்டு நிமிடத்துக்கு ஒரு பிள்ளைக்கு 9 பந்து. 48 நிமிடத்தில் 54. மீதி நேரமெல்லாம் நிற்பதும் பொறுக்குவதும்தான்.

அதே எட்டுப் பேர் நான்கு சிவப்புக் கோர்ட்டில் ஜோடியாக ஆடட்டும். ரேலி சராசரியாக நான்கு அடிதான் நீடிக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் இரண்டு விநாடி, மறுபடி தொடங்க எட்டு விநாடி என்றால் 16 விநாடிக்கு ஒருவருக்கு இரண்டு அடி. விளக்கம், மாற்றம், தண்ணீர் எல்லாம் போக 24 நிமிடமே ஆட்டம் நடந்தாலும் ஒருவருக்கு 180 அடி. அந்த 180-இலும் பந்து எங்கே வரும், வேகமா மெதுவா, தான் எங்கே போய் நிற்க வேண்டும் என்று பிள்ளை பார்த்தாக வேண்டும். கூடையிலிருந்து வரும் பந்து ஒரே இடத்துக்கு ஒரே உயரத்தில் வருவதால் பார்க்கும் வேலையைக் கோச்சே செய்துவிடுகிறார். டென்னிஸில் பாதி அந்தப் பார்வைதான். அதனால்தான் கூடையில் அழகாக அடிக்கும் பிள்ளை ஆட்டத்தில் திணறுகிறது.

இதற்காகக் கூடையைத் தூக்கி எறிய வேண்டாம். சர்வ் எறிதலைச் சரிசெய்ய, பிடியை மாற்ற, காயத்திலிருந்து திரும்புகிறவரை மெல்ல ஆட வைக்க அதைவிட நல்ல கருவி இல்லை. ரேலிக்குள் கண்ட ஒரு குறையை ஐந்து நிமிடம் கூடையில் திருத்திவிட்டு மறுபடி ரேலிக்குப் போவதே சரியான பயன்பாடு.

சிவப்புப் பந்தின் முதல் வகுப்பு

முதலில் ராக்கெட்டால் பந்தைத் தரையோடு உருட்டும் ரேலி. ஜோடிக்கு நடுவே இரண்டு கூம்புகள், ஒரு மீட்டர் இடைவெளி, அதன் வழியே போக வேண்டும். ராக்கெட் முகம் எங்கே பார்க்கிறதோ பந்து அங்கே போகும் என்பது சொல்லாமலே புரிந்துவிடும். அடுத்து ராக்கெட் இல்லாமல், கீழ்க்கையால் எறிந்து ஒரு துள்ளலுக்குப் பிறகு பிடிப்பது. மூன்றாவது, ஒருவர் எறிய மற்றவர் அடிக்க, எறிந்தவர் பிடிக்க வேண்டும். ஆறு பந்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகே இருவரும் ராக்கெட்டோடு சேர்ந்து ரேலி: நான்கு, ஆறு, பத்து என்று எண்ணிக்கையை ஏற்ற வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் 7 பாயின்ட் வரை போட்டி. சர்வை மேற்கையால் போட முயலட்டும். வராதவர் கீழ்க்கையால் போடட்டும்.

வகுப்பு குலைவது பெரும்பாலும் மூன்றாவது படியைத் தாண்டிக் குதிப்பதால்தான். எறிந்த பந்தின் துள்ளலைக் கணிக்கத் தெரியாத பிள்ளையால் அடித்த பந்தின் துள்ளலைக் கணிக்க முடியாது. ரேலி என்ற பெயரில் பந்து துரத்தல் மட்டுமே நடக்கும். இன்னொரு பிழை, ஜோடிகள் மெல்ல மெல்ல நெட்டை நெருங்கிவிடுவது. நெட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அதற்குப் பின்னால் திரும்பச் சொன்னால் போதும்.

காற்றுள்ள இடத்தில் ஸ்பாஞ்ச் சிவப்புப் பந்து உதவாது, பறந்துவிடும். அதை உள்ளரங்கத்துக்கு வைத்துக்கொண்டு வெளியில் துணிநார் போர்த்தியதையே பயன்படுத்த வேண்டும். ஒரே கூடையில் மூன்று நிறங்களையும் கலந்து வைக்கவே கூடாது.

சிவப்பு வழியின் உண்மையான பலவீனம் வேறு: பிள்ளையை அதிலேயே நிறுத்திவைப்பது. வகுப்பு எளிதாக ஓடுவதால் கோச்சுக்கு மாற்ற மனம் வருவதில்லை. இருபது அடி ரேலி சாதாரணமாக வந்து, மேற்கை சர்வ் பத்தில் ஆறு உள்ளே விழத் தொடங்கினால் அந்தப் பிள்ளை வாரத்தில் பாதி நேரம் ஆரஞ்சில் ஆட வேண்டும், வயது என்னவாக இருந்தாலும். தாமதித்தால் வீச்சு குறுகிப்போகும், கால் நகராது.

பெரியவர்களுக்கும் இதே வழி பொருந்தும்; சொல்லும் விதம்தான் வேறு. நாற்பது வயதுக்காரரிடம் சிவப்புப் பந்தை நீட்டினால் முகம் சுருங்கும். ஆரஞ்சுப் பந்தோடு இருவரையும் சர்வீஸ் கோட்டில், அதாவது நெட்டிலிருந்து 6.4 மீட்டரில் நிறுத்தித் தொடங்கலாம். பத்து அடி ரேலி வந்ததும் இரண்டு எட்டு பின்னால். முதல் மாத முடிவில் பலர் பச்சைப் பந்தோடு பேஸ்லைனுக்குப் போய்விடுவார்கள்.

கோச் எங்கே படிப்பது?

ஐடிஎஃப் தன் படிப்பைப் பெரும்பாலும் அந்தந்த நாட்டுச் சங்கங்கள் வழியாகவே நடத்துகிறது. தொடக்கத்தில் ‘பிளே டென்னிஸ்’ என்ற குறும்படிப்பு. அதன் மேல் லெவல் 1 புதியவர்களுக்கும் இடைநிலை ஆட்டக்காரர்களுக்கும், லெவல் 2 தேர்ந்தவர்களுக்கும், லெவல் 3 உயர்நிலைப் போட்டியாளர்களுக்கும் பயிற்சி தருவதற்கானவை. ஆட்டத்தை ஐந்து சூழல்களாகப் பிரிப்பது இதன் அடிப்படை: சர்வ் போடுவது, சர்வைத் திருப்புவது, இருவரும் பேஸ்லைனில் இருப்பது, நான் நெட்டுக்குப் போவது, எதிராளி நெட்டுக்கு வருவது. வகுப்பு ஓர் ஆட்டச் சூழலில் தொடங்கும். அதில் தெரிந்த சிக்கலுக்கு மட்டும் நுட்பம் சொல்லித்தந்து மறுபடி ஆட்டத்துக்கே திரும்பும். 2019-இல் தொடங்கிய ஐடிஎஃப் அகாடமி இணையவழிப் பாடங்களையும், 1993 முதல் வரும் பயிற்சி அறிவியல் இதழ் கட்டுரைகளையும் தருகின்றன.

எதிர்ப்பக்கம், டென்னிஸ் கோச்சுகளுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க அமைப்பான பிடிஆர். 1973-இல் நடந்த ஆண்-பெண் போட்டியில் பாபி ரிக்ஸை வென்ற வீராங்கனை பில்லி ஜீன் கிங்குக்குத் துணைநின்ற கோச் டெனிஸ் வான் டெர் மீர் 1976-இல் தொடங்கியது. கோச்சுக்குக் கோச் வேறு வேறு மாதிரி சொல்லித்தந்து மாணவரைக் குழப்புவதைத் தவிர்க்க, எல்லோருக்கும் ஒரே படிவரிசையை வகுத்தார். தேர்வில் எழுத்து, சொந்த ஆட்டத்திறன், கற்பித்தல், பயிற்சி நடத்துதல், பிழை கண்டறிதல் எனப் பல பகுதிகள். பின்னாளில் பத்து வயதுக்கு உட்பட்டோருக்கு எனத் தனிப் பாதையும் வைத்தது. 1927-இல் தோன்றி இப்போது ஆர்எஸ்பிஏ என்று பெயர் மாறியுள்ள அமெரிக்கக் கோச்சுகளின் சங்கமான யுஎஸ்பிடிஏ அமெரிக்கக் கிளப் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பொருந்தும்; மற்றவர்களுக்கு அவசியம் குறைவு.

இரண்டில் முதலில் ஐடிஎஃப் வழியையே பரிந்துரைக்கிறோம். நாட்டுச் சங்கத்தின் ஏற்பு கூடவே வரும், சொந்த மண்ணிலேயே படிக்கலாம், புதியவர் வகுப்புக்கு நேரடியாக உதவும். ஆனால் லெவல் 1 முடித்த இளம் கோச்சிடம் அடிக்கடி காணும் குறை, நல்ல விளையாட்டுகள் தெரியும், பந்து ஏன் வெளியே போனது என்று சொல்லத் தெரியாது. வலக்கைக்காரர் தன் வலப்பக்கத்திலிருந்து அடிக்கும் ஃபோர்ஹேண்ட் தொடர்ந்து வலப்பக்கம் போகிறது என்றால் பந்தைத் தாமதமாக, இடுப்புக்குப் பக்கத்தில் தொடுகிறார். ராக்கெட்டைச் சீக்கிரம் தயார் செய்யச் சொல்ல வேண்டும். பந்து உயர்ந்து நீளமாகப் போனால் ராக்கெட்டின் முகம் மேலே பார்க்கிறது. இதை ஒரு பார்வையில் பிடிக்கும் கண்ணை பிடிஆரின் பிழை கண்டறியும் பயிற்சி வளர்க்கிறது. அதன் ஆபத்து, கண் கூர்மையான கோச் வாய் மூடாமல் திருத்திக்கொண்டே இருப்பது. ஒரு ரேலிக்கு ஒரு சொல் என்ற கட்டுப்பாடு அவருக்கு வேண்டும்.

சான்றிதழைப் பார்த்து மட்டும் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். வேலி ஓரம் நின்று ஒரே ஒரு பிள்ளையை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள், எத்தனை பந்து அடிக்கிறது என்று எண்ணுங்கள். முப்பதுக்கு மேல் வந்தால் சேர்க்கலாம். பத்தைத் தாண்டாவிட்டால் கோச்சின் சுவரில் எந்தச் சான்றிதழ் தொங்கினாலும் வேறு இடம் தேடுங்கள்.